உறக்கம் ஒரு குற்றமா?

உணவும் நீரும் காற்றும் போல உறக்கமும் உயிர்களுக்கு இன்றியமையாதது. மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறங்கியே கழிக்கிறான். ஆயினும் நம் பேச்சில் உறக்கத்துக்கு நல்ல பெயர் இல்லை. அதிகம் உறங்குகிறவரைக் கும்பகர்ணன் என்கிறோம். 'தூங்குமூஞ்சி' என்பது நம் வகுப்பறைகளில் பழகிப்போன வசை. திருக்குறளில் 'மடியின்மை' என்னும் 61ஆம் அதிகாரத்தில், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலங்கள் என நான்கைச் சொல்லும் வள்ளுவர், அவற்றுள் துயிலையும் ஒன்றாக வைத்தார். சோம்பலோடு சேர்ந்த துயிலைத்தான் அவர் சொன்னார். ஆனால், சோம்பலே இல்லாத ஒருத்தியையும் உறக்கம் பிடித்து ஆட்டக்கூடும் என்பதை நாங்கள் எங்கள் வீட்டிலேயே கண்டோம். கண்ட பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதைப் புரிந்துகொள்ளாமல் இருந்தோம். அந்தக் கதையையும், அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, தங்கை. நோய் அக்காவுக்கு மட்டும்தான். எழுதுகிறவள் தங்கை. ஆனாலும் இதை 'நாங்கள்' என்றே எழுத வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். "நோய் ஒருத்திக்கு வந்தாலும் அதோடு குடித்தனம் நடத்துவது நாம் எல்லோரும்தானே?" என்பது அவள் வாதம். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டி, அவள் நீக்கச் சொன்ன இரண்டு இடங்களை நீக்கிய பிறகே ஆசிரியையிடம் கொடுத்தோம்.

நல்ல உறக்கம் எப்படி இருக்கும்?

நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள, முதலில் நல்ல உறக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். உறக்கம் என்பது விளக்கை அணைப்பது போல மூளை அணைந்துவிடுவது அன்று. நாம் கண்ணயர்ந்ததும் முதலில் இலேசான உறக்கம் வருகிறது. பிறகு ஆழ்ந்த உறக்கம். ஏறத்தாழ 90 நிமிடங்கள் கழித்துக் கனவு உறக்கம் வருகிறது. அப்போது மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைகின்றன. 1953ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்னும் இருவர் இதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்கள். இந்தச் சுற்று ஓர் இரவில் நான்கு அல்லது ஐந்து முறை நடக்கிறது.

கனவு உறக்கத்தில் இன்னொரு வியப்பும் உண்டு. மூச்சு விடும் தசையும் கண்ணை அசைக்கும் தசைகளும் தவிர, உடலின் பெரும்பாலான தசைகள் அந்நேரத்தில் தளர்ந்து செயலற்றுப் போகின்றன. இது இறைவன் வைத்த பாதுகாப்பு. இல்லாவிட்டால், ஓடுவதாகக் கனவு காணும்போதெல்லாம் நாம் பாயிலிருந்து எழுந்து ஓடிச் சுவரில் முட்டிக்கொள்வோம்! இந்தத் தளர்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் அது மறுபடியும் வரும்.

எங்கள் வீட்டில் நடந்தது

அக்கா இப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அவளுக்கு வயது 14. பள்ளி திறந்து ஒரு மாதம் இருக்கும். அதுவரை கணக்கில் முதல் மதிப்பெண் எடுத்தவள், மாலையில் புத்தகத்தை விரித்ததும் அதன்மேலேயே தலை சாய்த்தாள். இரவு பத்து மணி நேரம் படுத்து எழுந்தாலும் காலை ஜெபத்தில் நின்றபடியே ஆடினாள். சாப்பிடும்போது, கையில் பிசைந்த சோற்றோடு கண் மூடிவிடும். ஒரு நாள் அவளுடைய வரலாற்று நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். முதல் மூன்று வரிகளில் பானிப்பட்டுப் போர் ஒழுங்காக இருந்தது. நான்காம் வரியில், 'தேங்காய் நனைந்த ரயில்' என்று எழுதியிருந்தாள். ஐந்தாம் வரி வெறும் கோடாகப் பக்கத்தின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. உறங்கிய பிறகும் கை தானாக எழுதிக்கொண்டு போயிருக்கிறது! நாங்கள் அதை வீடு முழுவதும் படித்துக் காட்டிச் சிரித்தோம்.

அப்பா, போர்வைக்குள் போன் பார்க்கிறாளோ என்று ஐயப்பட்டு, வீட்டிலிருந்த போன்களையெல்லாம் இரவில் பீரோவில் வைத்துப் பூட்டினார். அம்மா கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். முகத்தில் தண்ணீர் அடித்தார். வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றுகொண்டே உறங்கினாள். ஆசிரியர்களை நாங்கள் குறை சொல்ல முடியாது. வீட்டில் இருந்த எங்களுக்கே தெரியாதது அவர்களுக்கு எப்படித் தெரியும்? "தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறவன் போல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது" என்ற பழமொழியை அப்பா நாள்தோறும் சொன்னார். அவள் நடிக்கவில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குத் தாளின் நடுவே உறங்கிவிட்டாள். நூற்றுக்கு 52. அன்று அம்மா அழுதுகொண்டே, "உனக்கு அக்கறை இருந்தால் தூக்கம் வருமா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. பல நாள் கழித்து, அந்தக் கேள்வியைத் தானும் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பிறர் சோம்பேறி என்று சொல்வது ஒரு துன்பம். அதை நாமே நம்பிவிடுவது அதைவிடப் பெரிய துன்பம் அல்லவா?

அமுக்குவான் பேய்

இதற்கிடையில் இரவிலும் தொல்லை தொடங்கியது. விழித்துக்கொண்டுதான் இருப்பாள், ஆனால் கை கால் அசையாது, குரல் எழும்பாது. அறையின் மூலையில் யாரோ நிற்பது போலவும், மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்துவது போலவும் தோன்றுமாம். பாட்டி, "இது அமுக்குவான் பேய்தான்டி" என்று தீர்மானமாகச் சொன்னார். தலையணைக்கடியில் ஜெபமாலையை வைத்தார். கழுத்தில் உத்தரியத்தைப் போட்டார். படுக்கையைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். பாட்டியின் அன்பை நாங்கள் மறக்க மாட்டோம். இன்றும் அந்த ஜெபமாலை அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஆனால் அது பேய் அன்று என்பதைப் பாட்டியும் இப்போது ஒப்புக்கொள்கிறார்.

மேலே சொன்ன கனவு உறக்கத்தின் தசைத் தளர்ச்சிதான் அது. மனம் விழித்துக்கொண்ட பிறகும் உடல் கனவு உறக்கத்திலேயே நின்றுவிடுகிறது. கனவின் உருவங்களும் விழித்த கண்ணுக்கு முன்னே வந்து நிற்கின்றன. இது எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் எப்போதாவது ஒரு முறை வருவதுண்டு. நம் தோழியரில் யாருக்கேனும் வந்திருந்தால் அஞ்ச வேண்டாம். ஓரிரு நிமிடங்களில் தானே நீங்கிவிடும். அக்காவுக்கோ வாரத்துக்கு மூன்று நான்கு முறை வந்தது.

சிரிப்பை விட்டவள்

இனிச் சொல்லப்போவது எங்களுக்கு மிகவும் வெட்கமானது. அக்கா பத்தாம் வகுப்பு படித்த ஆண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சித்தி, மாமா பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாமா மகன் ஏதோ வேடிக்கை சொன்னான். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே தாடை தொங்கியது, கழுத்து சாய்ந்தது, முழங்கால் மடங்கி அப்படியே தரையில் சரிந்தாள். அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தாள். பெரியவர்கள் பதறினார்கள். பிள்ளைகளாகிய நாங்களோ ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்தோம். பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அவளைச் சுற்றி நின்று, யார் சொல்லும் வேடிக்கைக்கு அவள் விழுகிறாள் என்று போட்டி வைத்தோம். அந்த விடுமுறையில் அவள் எத்தனை முறை விழுந்தாள் என்று எண்ணிக்கூட வைத்திருந்தோம். போட்டியில் வென்றவள் இக்கட்டுரையை எழுதும் தங்கைதான்.

விழுந்து கிடந்தபோது அவளுக்கு நினைவு தப்பவில்லை. எங்கள் சிரிப்பு, எண்ணிக்கை, "பொம்மை மாதிரி விழறா பார்" என்ற பேச்சு எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. இமையைக்கூடத் திறக்க முடியாமல் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அதன் பிறகு அக்கா சிரிப்பதை விட்டுவிட்டாள். யாராவது வேடிக்கை பேசினால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாள். தோழியரோடு சேருவதையும் நிறுத்தினாள். நாங்கள் அதைத் தலைக்கனம் என்றோம். சிரித்தால் விழுவோம் என்று தெரிந்த ஒரு பெண், விழாமல் இருக்கத் தன் மகிழ்ச்சியையே விலையாகக் கொடுத்தாள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு மருத்துவர் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் விழுகிறாள் என்று கேட்டதும் வலிப்பு என்று முடிவு செய்தார். எட்டு மாதம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டாள். ஊருக்குள் 'வலிப்புக்காரப் பெண்' என்ற பெயர்தான் மிஞ்சியது.

ஒரு கேள்வி

பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள், உயிரியல் கற்பிக்கும் சிஸ்டர் அவர்களின் முன்னிலையில் அக்கா அவ்வாறு சரிந்தாள். சிஸ்டர் பதறவில்லை. அருகில் அமர்ந்து, தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவள் எழுந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ கிடந்தபோது நாங்கள் பேசியது உனக்குக் கேட்டதா, பிள்ளை?"

அக்கா ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். இரண்டே கால் ஆண்டில் அந்தக் கேள்வியை அதுவரை யாருமே அவளிடம் கேட்டதில்லை.

சிஸ்டர் அன்று மாலையே அப்பாவை அழைத்து, "இது நாம் நினைக்கிற வலிப்பு போலத் தெரியவில்லை. நினைவு தப்பாமல் விழுகிறாள். சிரிக்கும்போது மட்டும் விழுகிறாள். நரம்பியல் மருத்துவரிடம், உறக்கப் பரிசோதனை வசதி உள்ள இடமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள்" என்றார். நாங்கள் இரவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டோம்.

பரிசோதனை

முதலில் இரண்டு வாரங்களுக்கு உறங்கும் நேரம், எழும் நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னார்கள். பிறகு ஓர் இரவு முழுவதும் மருத்துவமனையில் உறங்க வைத்தார்கள். தலையிலும் கண்ணோரத்திலும் முகவாயிலும் காலிலும் மெல்லிய வயர்களை ஒட்டினார்கள். மூளையின் மின் அலைகள், கண் அசைவு, தசையின் நிலை, மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் கணினியில் பதிவாயின. மறுநாள் பகலில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாக ஐந்து முறை இருட்டறையில் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் 20 நிமிடத்துக்குள் உறக்கம் வருகிறதா, எத்தனை நிமிடத்தில் வருகிறது, எந்த வகை உறக்கம் வருகிறது என்று பார்ப்பார்களாம். சராசரியாக 8 நிமிடத்துக்குள் உறங்கி, இரண்டு முறையேனும் விரைவிலேயே கனவு உறக்கத்துக்குள் நுழைந்துவிட்டால், அது இந்நோய்க்கு முக்கியமான அடையாளம். அக்காவின் சராசரி மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஐந்தில் நான்கு முறை நேரே கனவுக்குள் போய்விட்டாள்.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பெயரைச் சொன்னார்: நார்கோலெப்சி. தசை தளர்ந்து விழுவதற்குக் கேட்டப்ளெக்ஸி என்று பெயர்.

"பாப்பா சோம்பேறி இல்லை. நடிக்கவும் இல்லை. இது மூளையில் உள்ள ஒரு குறை" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அழுதாள். நோய் என்று கேட்டு அழுகிறாளோ என்று நாங்கள் நினைத்தோம். அவள் சொன்னாள்: "இல்லம்மா. இதுக்கு ஒரு பேர் இருக்கே, அதுக்குத்தான்."

நோயின் வரலாறும் காரணமும்

1877ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் இந்நோயை விவரித்து எழுதினார். 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ என்பவர்தான் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். மரத்துப்போதல், பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அப்பெயரை அமைத்தார். அவரிடம் வந்த நோயாளி திராட்சை மதுப் பீப்பாய் விற்கும் வியாபாரி, வயது 38. வாய்விட்டுச் சிரித்தாலும், நல்ல வியாபாரம் படியப்போகிறது என்று மகிழ்ந்தாலும் அவருடைய கால்கள் வலுவிழக்குமாம். இதைப் படித்தபோது எங்கள் அக்காவையே படித்தது போலிருந்தது.

காரணம் தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், இந்நோயோடு பிறந்த டாபர்மேன் நாய்களை வளர்த்து ஆராய்ந்தார்கள். பிடித்த தின்பண்டத்தை முன்னே வைத்தால் அந்த நாய்கள் மகிழ்ச்சி தாங்காமல் கால் மடங்கி விழும்! 1998ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள், மூளையில் சுரக்கும் ஒரு புதிய பொருளைத் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு ஹைப்போகிரெட்டின் என்றும், மற்றது ஒரெக்சின் என்றும் பெயரிட்டன. இரண்டும் ஒன்றே. அடுத்த ஆண்டே, அந்த நாய்களுக்கு இப்பொருளின் செய்தியை வாங்கிக்கொள்ளும் மரபணுவில் குறை இருப்பது தெரிந்தது. 2000ஆம் ஆண்டில், இந்நோய் கொண்ட மனிதர்களின் மூளையில் இப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களே பெருமளவு அழிந்துபோயிருப்பதைக் கண்டார்கள்.

மனித மூளையில் உள்ள நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. அவற்றுள் ஹைப்போகிரெட்டினைச் சுரப்பவை ஏறத்தாழ 70,000 மட்டுமே. கேட்டப்ளெக்ஸியோடு கூடிய நார்கோலெப்சி உள்ளவர்களுக்கு இவற்றில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இல்லாமற் போகிறது.

டாக்டரம்மா இதை எங்களுக்கு எளிதாக விளக்கினார். "ரயில்வே கேட் இருக்கிறது அல்லவா? ஒரு பக்கம் விழிப்பு, ஒரு பக்கம் உறக்கம். நேரம் பார்த்துத் திறக்கவும் மூடவும் கேட் கீப்பர் உண்டு. இவளுக்கு அந்தக் கேட் கீப்பர் இல்லை. அதனால் பகலில் உறக்கம் உள்ளே வருகிறது. இரவில் விழிப்பு வருகிறது. கனவு உறக்கத்தின் தசைத் தளர்ச்சி மட்டும் தனியே வந்தால் சிரிக்கும்போது விழுகிறாள்."

அந்த அணுக்கள் ஏன் அழிகின்றன? கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படையே தவறுதலாகத் தன் வீட்டு ஆட்களைத் தாக்கிவிடுவதால் இருக்கலாம் என்பதற்குப் பல சான்றுகள் கிடைத்துள்ளன. குறிப்பிட்ட ஒரு மரபுக்கூறு உள்ளவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. ஆயினும் அக்கூறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதில்லை. "சின்னவளுக்கும் வருமா?" என்று அம்மா நடுங்கிய குரலில் கேட்டார். உடன்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று இரண்டுதான் என்றார் டாக்டரம்மா. அதிகம் படித்ததாலோ, இரவு கண் விழித்ததாலோ, யாருடைய பாவத்தாலோ வருவதன்று. பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அதாவது, நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளின் வயதில். சுமார் 2,000 பேருக்கு ஒருவர் என்பது மேலை நாடுகளில் சொல்லப்படும் கணக்கு. நோய் தொடங்கிச் சரியான பெயர் தெரியவே பலருக்குப் பத்து ஆண்டுகள் ஆகின்றனவாம். அக்காவுக்கு ஒரு சிஸ்டர் இருந்தார்.

அக்காவின் ஒரு நாள்

இந்நோயை முற்றிலும் குணமாக்க இன்று மருந்து இல்லை. இழந்த பொருளுக்கு ஈடாக வேலை செய்யும் மருந்துகளை ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் கட்டுப்படுத்தி வாழ வழி உண்டு. காலையில் விழிப்பைத் தாங்கும் மாத்திரை ஒன்று. தசைத் தளர்ச்சியைக் குறைக்கும் மாத்திரை ஒன்று. இரவு பத்து மணிக்குப் படுக்கை, காலை ஆறு மணிக்கு எழுச்சி, ஞாயிற்றுக்கிழமையும் மாற்றமில்லை. பகலில் குறித்த நேரத்தில் பதினைந்து இருபது நிமிட உறக்கம் இரண்டு முறை. இந்தச் சிறு உறக்கம் அவளுக்கு மருந்தைப் போன்றது. எழுந்ததும் முகம் தெளிந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் பாடம் ஓடும்.

மருத்துவரின் கடிதத்தைப் பார்த்ததும், தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் மதிய இடைவேளையில் நோயாளர் அறைக் கட்டிலை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். பதினைந்து நிமிடக் கட்டில். அவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. இன்று அவள் கல்லூரியில் தாவரவியல் முதலாண்டு படிக்கிறாள்.

வீட்டிலும் சில மாற்றங்கள். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டோம். யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் அடுப்பில் தோசை வார்ப்பாள். வண்டி ஓட்டுவதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளி வைத்திருக்கிறாள். குளத்தில் தனியே குளிப்பதில்லை. மற்றபடி அவள் செய்யாத வேலை இல்லை. தெளிவில்லாத நாள்களும் உண்டு. அன்று கோபப்படுவாள், நாங்களும் கோபப்படுவோம். பிறகு சமாதானமாகிவிடுவோம்.

நாம் செய்யக்கூடியவை

அன்புத் தோழியரே! வகுப்பில் உறங்குகிற எல்லோருக்கும் இந்நோய் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நம் வயதில் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். அதைக் குறைத்துக்கொண்டு பகலில் உறங்கினால் அது நோயன்று, நம் பிழை. இரத்தசோகை, தைராய்டுக் குறை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றாலும் பகலில் அயர்வு வரலாம். ஆனால், இரவு நன்கு உறங்கியும் மூன்று மாதத்துக்கு மேல் பகலில் அடக்க முடியாத உறக்கம் வந்தால், சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்தால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விழுந்தவளைச் சுற்றிக் கூட்டம் கூட வேண்டாம். கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். தலை அடிபடாமல் தாங்கிப் பிடித்து, அருகில் இருந்தால் போதும். அவளுக்கு எல்லாம் கேட்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கேட்கத் தகுந்ததையே பேசுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்: தண்டிப்பதற்கு முன்னால் கேளுங்கள். "ஏன் தூங்கினாய்?" என்றல்ல, "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேளுங்கள்.

முடிவுரை

திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு வாலிபனின் கதை வருகிறது. பவுலடிகளார் நள்ளிரவு வரை நீண்ட நேரம் பேசிக்கொண்டிருக்க, சன்னலில் அமர்ந்து கேட்டவன் உறக்கம் மேலிட்டு மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுலடிகளார், பிரசங்கத்தில் ஏன் உறங்கினாய் என்று அவனைக் கேட்கவில்லை. இறங்கிப் போய் அவனைத் தழுவிக்கொண்டார். அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்ட சிஸ்டர்தான் இக்கதையை எங்களுக்கு நினைவூட்டினார்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் டப்மன் என்ற பெண்மணி, சிறுவயதில் தலையில் பட்ட பலத்த அடியால், வாழ்நாள் முழுவதும் திடீர் உறக்கத்துக்கு ஆளானார். அவருடைய நோய் வேறு, துன்பம் ஒத்தது. 1849ஆம் ஆண்டில் தாம் தப்பிய பிறகு, பலமுறை திரும்பிச் சென்று சுமார் 70 பேரை அடிமைத்தளையிலிருந்து மீட்டார். வழியில் அவர் உறங்கிவிட்டால், உடன் வந்தவர்கள் அவர் விழிக்கும்வரை காத்திருப்பார்களாம். அவருடைய படம் அக்காவின் மேசைமேல் இருக்கிறது. காத்திருக்கத் தெரிந்தவர்கள் உடன் இருந்தால், உறக்கம் ஒருவரின் பயணத்தை நிறுத்திவிடாது.

சென்ற கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். அக்கா கொல்லைப்புறம் போகவில்லை. எங்களோடு பாயில் உட்கார்ந்தாள். மாமா மகன் வேடிக்கை சொன்னான். அக்கா சிரித்தாள். மருந்தையும் மீறி அவள் கழுத்து மெல்லச் சாய்ந்தது. தங்கை தோளைக் கொடுத்தாள். யாரும் எண்ணவில்லை. அரை நிமிடம் கழித்து அக்கா தலை நிமிர்ந்து, "அப்புறம் என்னடா ஆச்சு? மீதியைச் சொல்லு" என்றாள்.

உறக்கம் ஒரு குற்றமா? அன்று. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது மட்டுமே குற்றம். அதைச் செய்தவர்கள் நாங்கள். அதை மன்னித்தவள் அக்கா.

— பத்தாம் வகுப்பு மாணவி